வீட்டில் மானிட்டர் இல்லையே, சிஸ்டர்!

கேள்வி:

சிஸ்டர், என் மகள் 27 வாரத்தில் பிறந்தாள். எடை 910 கிராம். பதினொரு வாரமாக என்.ஐ.சி.யு.வில் (பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கிறோம். இப்போது 2 கிலோ 200 கிராம். வென்டிலேட்டர், மூக்கு வழியே காற்றழுத்தம் கொடுக்கும் சிபாப் எல்லாம் தாண்டிவிட்டாள். ஆனால் நுரையீரல் இன்னும் முழுசாகத் தேறவில்லை என்று நிமிடத்துக்குக் கால் லிட்டர் ஆக்சிஜனோடு வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள். பாதிப் பாலை மூக்குக் குழாய் வழியாகத்தான் கொடுக்க வேண்டுமாம். பத்து நாளில் டிஸ்சார்ஜ். எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள், எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்குகிறது. இங்கே அவளைப் பார்ப்பதைவிட மானிட்டரைத்தான் அதிகம் பார்க்கிறேன். எண் இறங்கினால் அலாரம் அடிக்கும், யாராவது ஓடி வருவார்கள். வீட்டில் யார் ஓடி வருவார்கள்? காலில் மாட்டும் சாக்ஸ் மானிட்டர் என்று ஒன்று விற்கிறார்களாமே, வாங்கட்டுமா? என் கணவர் குழாயைப் பார்த்தாலே வெளியே போய்விடுகிறார். மாமியார் "நாங்களெல்லாம் பிள்ளை வளர்க்கவில்லையா" என்கிறார். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கலாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நான் நல்ல அம்மாதானா?

பதில்:

இருபத்திரண்டு வருடமாக இந்தப் பிரிவில் வேலை பார்க்கிறேன், அம்மா. என் கணக்கில், பயப்படுகிற தாய் பாதி தயாராகிவிட்டவர். எல்லாவற்றுக்கும் சிரித்த முகத்தோடு தலையாட்டுகிறவரைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

அப்படி ஒருவரை நானே அனுப்பி வைத்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. டிஸ்சார்ஜ் அன்று காலையில் அந்தத் தாயை உட்கார வைத்து, மருந்து, பால், குழாய், எப்போது திரும்ப வர வேண்டும் என்று நாற்பது நிமிடத்தில் ஒப்பித்து முடித்தேன். எல்லாவற்றுக்கும் "சரி சிஸ்டர்" என்றார். தாளில் வரிசையாக டிக் போட்டேன். மூன்றாம் நாள் குழந்தையைத் துவண்ட நிலையில் தூக்கிக்கொண்டு வந்தார். 0.3 மி.லி. கொடுக்க வேண்டிய மருந்து, 3 மி.லி. போயிருந்தது. இரண்டு நாள் வைத்துப் பார்த்து, நல்லபடியாக அனுப்பினோம். தப்பு அவருடையது அல்ல. "பாயின்ட் மூன்று" என்று நான் வாயால் சொன்னேனே தவிர, சிரிஞ்சை அவர் கையில் கொடுத்து "எடுத்துக் காட்டுங்கள்" என்று கேட்கவில்லை.

அன்றிலிருந்து என்னிடம் ஒரே ஒரு அளவுகோல்தான். காதால் கேட்டதும் கண்ணால் பார்த்ததும் கணக்கில் வராது. கை செய்திருக்க வேண்டும். அதுவும், பக்கத்தில் யாரும் "அடுத்து இது" என்று எடுத்துக்கொடுக்காமல் செய்திருக்க வேண்டும். உங்களுக்குப் பத்து நாள் இருக்கிறது, தாராளம். நாளை ஷிஃப்டில் வரும் செவிலியரிடம், "இனி இவளுடைய பால், மருந்து, குழாய், டயப்பர் எல்லாம் நான் செய்கிறேன், நீங்கள் நின்று பாருங்கள்" என்று சொல்லுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். நீங்கள் செய்தால் அவர்களுக்கு நேரமாகும், அவ்வளவுதான். விட்டுக்கொடுக்காதீர்கள்.

இப்போது மானிட்டருக்கு வருவோம். பதினொரு வாரமாக உங்கள் கண் பழகியிருப்பது அந்தத் திரைக்கு. வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அதைக் குழந்தை மேல் திருப்ப வேண்டும். என் தாய்மார்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சி இதுதான். திரையை அவர்களுக்குத் தெரியாதபடி சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவேன். அலாரம் வேலை செய்யும், எங்களுக்குத் தெரியும், அவர்களுக்கு மட்டும் தெரியாது. குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணச் சொல்வேன். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கும் கணக்கு இங்கே உதவாது. இந்தக் குழந்தைகள் கொஞ்சம் வேகமாக மூச்சு விட்டு, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி தொடங்குவார்கள். ஐந்து, பத்து நொடி இடைவெளி விட்டுத் தானாகவே தொடர்ந்தால், நிறமும் மாறாமல் இருந்தால், அது குறைமாதக் குழந்தையின் வழக்கம். இருபது நொடி நின்றாலோ, குறைந்த நேரமே நின்றும் நிறம் மாறினாலோ, உடம்பு தொய்ந்தாலோ அது வழக்கம் அல்ல.

எண்ணிய பிறகு உதட்டின் உள்பக்கத்தையும் நாக்கையும் பார்க்கச் சொல்வேன். கையும் காலும் குளிரிலேயே நீலமாகும், அவற்றை நம்ப முடியாது. கருத்த நிறக் குழந்தைக்கு முகத்தில் நீலம் தெரியாமல் போகலாம், நாக்கு பொய் சொல்லாது. அடுத்து விலா எலும்புகளுக்கு நடுவிலும் தொண்டைக் குழியிலும் சதை உள்ளே இழுக்கிறதா, மூக்கு விடைக்கிறதா, மூச்சு விடும்போது முனகல் கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். எல்லாம் பார்த்து முடித்தபின், "இப்போது ஆக்சிஜன் அளவு எவ்வளவு இருக்கும், சொல்லுங்கள்" என்பேன். சொன்னதும் திரையைத் திருப்பிக் காட்டுவேன். முதல் நாள் எல்லாரும் தவறாகத்தான் சொல்வார்கள். நாலாம் நாள் ஒரு தாய், "தொண்ணூற்று ஐந்து இருக்கும், ஆனால் இப்போது மலம் கழிக்க முக்கப்போகிறாள், இறங்கும்" என்றார். இறங்கியது. அதற்கப்புறம் அவருக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை.

நுரையீரல் தேறாத குழந்தை மற்றக் குழந்தைகளைவிடக் கொஞ்சம் வேகமாகவே மூச்சு விடும். புத்தகத்தில் நிமிடத்துக்கு 40 முதல் 60 என்று இருக்கும். உங்கள் மகள் அமைதியாகத் தூங்கும்போதே 62 இருக்கலாம். அதனால் புத்தகத்தின் எண்ணை விட்டுவிட்டு, அவளுடைய எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வாரம் காலையும் இரவும் எண்ணி நோட்டில் எழுதுங்கள். பின்னால் எப்போதாவது டாக்டரிடம் போனில், "வழக்கமாக 62, இன்று 80, விலா உள்ளே இழுக்கிறது" என்று நீங்கள் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். "மூச்சு ஒரு மாதிரி இருக்கிறது" என்றால் அந்த வேகம் வராது.

சாக்ஸ் மானிட்டர் வேண்டாம் என்பது என் கருத்து. ஆக்சிஜனோடு போகும் குழந்தைக்கு டாக்டரே இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் எழுதிக்கொடுத்து, எந்த எண்ணுக்குக் கீழே போனால் அலாரம் அடிக்க வேண்டும் என்று அமைத்துக் கொடுத்தால் அது வேறு, அதைப் பயன்படுத்துங்கள். கடையில் நீங்களாக வாங்கும் கருவி குழந்தையின் திடீர் மரணத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. 2001ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 1,079 குழந்தைகளை வீட்டில் மானிட்டர் மாட்டிப் பார்த்தார்கள். நல்ல ஆரோக்கியமான, மாதம் நிறைந்து பிறந்த குழந்தைகளுக்கும் அலாரம் அடிக்கும்படியான மூச்சு இடைவெளிகள் வந்தன. மோசமான இடைவெளிகள் குறைமாதக் குழந்தைகளுக்கு அதிகம் வந்தாலும், கர்ப்பக் கணக்கில் 43 வாரத்தை ஒட்டி அவர்களும் மற்றவர்களைப் போல ஆகிவிட்டார்கள். உங்கள் மகள் இப்போது 38 வாரம். காலம் அவள் பக்கம்தான் இருக்கிறது.

டாக்டர் கொடுத்த ஆக்ஸிமீட்டர் அலாரம் அடித்தால் உங்கள் கண் முதலில் எங்கே போக வேண்டும்? குழந்தையின் முகத்துக்கு. நிறம், மூச்சு, அசைவு. அவை நன்றாக இருந்தால் காலில் ஒட்டியிருக்கும் ப்ரோப் (அளவெடுக்கும் முனை) நழுவியிருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் அதுதான். பிறகு மூக்கில் ஆக்சிஜன் விடும் இருமுனைக் குழாயான கேனுலா இடத்தில் இருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா, சிலிண்டரில் அளவு இருக்கிறதா என்று குழந்தையிலிருந்து சுவர் நோக்கி வரிசையாகப் போங்கள். எதிர்த் திசையில் போகிறவர்கள் கருவியோடு போராடிக்கொண்டிருப்பார்கள், குழந்தை பின்னால் தனியாகக் கிடக்கும். ப்ரோப்பைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை காலை மாற்றி ஒட்டுங்கள். ஒரே இடத்தில் கிடந்தால் தோல் புண்ணாகும்.

ஆக்சிஜன் வருகிறதா என்று எப்படித் தெரியும் என்று எல்லாரும் கேட்பார்கள். கால் லிட்டர் ஓட்டத்தைக் கையில் உணர முடியாது. கேனுலாவின் இரண்டு முனைகளையும் ஒரு டம்ளர் தண்ணீரில் நனையுங்கள். குமிழி வந்தால் வருகிறது. நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள், வளைவு கீழ்நோக்கி இருக்கும்படி. சிலிண்டர் எத்தனை மணி நேரம் வரும் என்பதற்கும் கணக்கு எளிது. நிமிடத்துக்குக் கால் லிட்டர் என்றால் மணிக்கு 15 லிட்டர். 1,500 லிட்டர் கொள்ளும் சிலிண்டர் கணக்குப்படி 100 மணி நேரம். கணக்கைச் சிலிண்டரிலேயே டேப் ஒட்டி எழுதி வையுங்கள், திறந்த நாளையும் நேரத்தையும் சேர்த்து. காலியாகும்வரை காத்திருக்காமல் கால் பாகம் இருக்கும்போதே அடுத்ததுக்குச் சொல்லிவிட வேண்டும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் கான்சென்ட்ரேட்டர் வைக்கப்போகிறீர்கள் என்றால் அது மின்சாரம் இருந்தால்தான் ஓடும். மின்சாரம் போன நேரத்துக்கு ஒரு முழுச் சிலிண்டர் கட்டாயம் நிற்க வேண்டும். இருட்டில் அதை மாற்றிப் பழகுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஒருநாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் மாற்றிப் பாருங்கள்.

ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் எரிவதை வெறியோடு எரிய வைக்கும். எரியும் அடுப்பு, மெழுகுவத்தி, சிகரெட் இருக்கும் அறைக்குள் குழந்தை போகக்கூடாது. மூக்கு காய்ந்துபோனால் வாசலின் போன்ற எண்ணெய்ப் பசை எதுவும் தடவக்கூடாது, எண்ணெய் இல்லாத, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் மட்டும், அதுவும் மருத்துவமனையில் கேட்டுக்கொண்டு. வீட்டில் யாராவது புகைக்கிறார்கள் என்றால் வாசலில் நின்று புகைத்தாலும் சட்டையில் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும். இந்த நுரையீரலுக்கு அது தாங்காது. இங்கே நான் கறாராகத்தான் இருப்பேன்.

கேனுலாவைக் கழற்றி "சும்மா இல்லாமல் எப்படி இருக்கிறாள்" என்று பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். குழந்தை சிரித்துக்கொண்டேதான் இருக்கும். ஆனால் ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவாகவே இருந்தால் எடை ஏறாது, நுரையீரலின் இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடும். குறைப்பது, நிறுத்துவது எல்லாம் டாக்டர் முன்னிலையில். கூட்டவும் அப்படித்தான். சளி பிடித்தால் எவ்வளவு வரை கூட்டலாம், எத்தனை நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் தாளில் எழுத்தாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

குழாய்ப் பாலில் ஒரே விதி: குழாய் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒரு சொட்டுக்கூட விடக்கூடாது. கன்னத்தில் ஒட்டிய இடத்தில் குழாயில் எந்த சென்டிமீட்டர் கோடு தெரிகிறது என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, அமிலத்தன்மையை நிறத்தில் காட்டும் பிஎச் தாளில் வையுங்கள். 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது வயிற்று அமிலம், பால் விடலாம். அமிலத்தைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் குழந்தைக்கு இந்த எண் மாறலாம், அதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். காற்றை அடித்து வயிற்றில் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கும் பழைய முறையை நம்ப வேண்டாம். குழாய் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். சந்தேகம் வந்தால் அந்த வேளைப் பாலை நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள். ஒரு வேளைப் பால் கொஞ்சம் தாமதமாவதைத் தாங்கிக்கொள்ளலாம், நுரையீரலுக்குள் போன பாலைத் தாங்க முடியாது. பிஸ்டனை அழுத்தித் தள்ளாமல், சிரிஞ்சை உயர்த்திப் பிடித்துத் தானாக இறங்க விடுங்கள். வேகமாகப் போனால் சிரிஞ்சைத் தாழ்த்துங்கள். நடுவில் இருமினாலோ நிறம் மாறினாலோ குழாயைக் கிள்ளி நிறுத்துங்கள்.

வாயால் குடிக்கும் பாதிப் பாலில்தான் உண்மையில் அதிகப் பொறுமை வேண்டும். உறிஞ்சு, விழுங்கு, மூச்சு விடு என்ற மூன்றையும் ஒரு தாளத்தில் கோக்க அவள் இப்போதுதான் கற்றுக்கொள்கிறாள். ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கொடுத்தால் பால் மெதுவாக வரும். ஐந்தாறு முறை உறிஞ்சியதும் மூச்சு விடவில்லை என்றால், பாட்டிலின் அடியைத் தாழ்த்தி, நிப்பிளில் இருக்கும் பாலைப் பாட்டிலுக்குள் திரும்ப விட்டு, மூச்சுக்கு இடம் கொடுங்கள். அவளுக்குப் பேச்சு வராவிட்டாலும் "போதும்" என்று சொல்லத் தெரியும். விரல்களை விசிறி மாதிரி விரித்துக் கையை நீட்டுவாள். புருவம் ஏறும். வாயோரத்தில் பால் வழியும். முகத்தைத் திருப்புவாள். இவற்றில் ஒன்று தெரிந்தால் நிறுத்துங்கள். "இன்னும் பத்து மில்லிதான், குடித்துவிடு செல்லம்" என்று நாம் ஊட்டும்போதுதான் புரையேறும். மீதிக்குத்தான் குழாய் இருக்கிறதே.

மருந்துக்கு ஏற்கெனவே என் கதையைச் சொல்லிவிட்டேன். 1 மி.லி. சிரிஞ்ச் ஒன்று, ஒவ்வொரு மருந்துக்கும் அளவுக் கோட்டில் வண்ண டேப் ஒன்று, அது போதும். பாட்டிலோடு வரும் சொட்டுக் குழாயைத் தூக்கிப் போடுங்கள். மருந்து தீர்ந்து வேறு கம்பெனி பாட்டில் வாங்கினால் ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்பது மாறியிருக்கலாம். மருந்துக் கடையிலேயே பழைய பாட்டிலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உங்கள் கணவரைப் பற்றி. குழாயைப் பார்த்து வெளியே போகிறவர் பொறுப்பில்லாதவர் அல்ல, பயந்தவர். அந்தப் பயத்தோடு குழாயிலிருந்து தொடங்கினால் அவர் இன்னும் தூரம் போய்விடுவார். சிலிண்டர் கணக்கு, மருந்து அட்டவணை, அவசரப் பை எல்லாம் அவருடையது என்று ஒப்படையுங்கள். பிறகு சட்டையைக் கழற்றச் சொல்லி, குழந்தையை அவர் வெறும் நெஞ்சில் படுக்க வைத்து மேலே ஒரு துணியைப் போர்த்துங்கள். கங்காரு பராமரிப்பு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். 1978ல் கொலம்பியாவின் போகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் தவித்த ஒரு மருத்துவமனையில் எட்கர் ரேய் என்ற டாக்டர் தொடங்கி வைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2022ல் குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம், முடிந்தவரை அதிகமாக, இப்படி வைத்துக்கொள்ளச் சொன்னது. வீட்டுக்குப் போன பிறகும் தொடரலாம். அப்பாவுக்கும் பாட்டிக்கும் சேர்த்துத்தான். ஒரே ஒரு விதி: நெஞ்சில் குழந்தையோடு நாம் தூங்கிவிடக்கூடாது. நெஞ்சில் ஒரு மணி நேரம் அவள் மூச்சை உணர்ந்தவர், அப்புறம் அந்தக் குழாய்க்கு ஓடமாட்டார். அடுத்த நாள் சிரிஞ்சை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜுக்கு முன்னால் நீங்கள் செய்யும் அத்தனையும் தெரிந்த இன்னொருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். மூச்சு நின்றால் என்ன செய்வது என்ற பயிற்சியைப் பொம்மை மீது கை வைத்து இரண்டு பேரும் சேர்ந்து எடுங்கள். வீடியோ பார்த்தால் வராது. அந்தப் பயிற்சியை எழுத்தில் நான் தரப்போவதும் இல்லை.

மாமியார் சொல்வதில் பாதி சரி. அவர் பிள்ளை வளர்த்தவர்தான். ஆனால் அவர் வளர்த்த பிள்ளை மூக்கில் ஆக்சிஜனோடு வரவில்லை. இதை நீங்கள் சொல்லாதீர்கள். மருமகள் சொன்னால் வாதம், சிஸ்டர் சொன்னால் வைத்தியம். ஒருநாள் அவரையும் வார்டுக்கு அழைத்து வாருங்கள். குழந்தையை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், தட்டையான உறுதியான படுக்கையில், தலையணை, மெத்தென்ற போர்வை, பொம்மை எதுவும் இல்லாமல் என்பதை நாங்களே அவருக்குச் சொல்கிறோம். என்.ஐ.சி.யு.வில் குப்புறப் படுத்திருப்பதை அவரும் பார்த்திருப்பார், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது இருபத்துநாலு மணி நேரமும் மானிட்டரும் ஆளும் இருக்கும்போது மட்டும். டிஸ்சார்ஜுக்கு முன்னாலேயே மல்லாக்கத் தூங்கிப் பழக்கிவிட்டார்களா என்று கேளுங்கள். உறவினர்கள் கூட்டமாக வந்து பார்ப்பதைத் தடுக்கும் வேலையையும் மாமியாரிடமே கொடுத்துவிடுங்கள். "சளி, இருமல் இருக்கிறவர்கள் வாசலோடு, மற்றவர்கள் கை கழுவிவிட்டு" என்று அவர் சொன்னால் எடுபடும். நமக்குச் சாதாரண ஜலதோஷமாக வந்து போகும் ஆர்.எஸ்.வி. கிருமி, இந்தக் குழந்தையை மறுபடி வென்டிலேட்டரில் படுக்க வைத்துவிடும். அதற்கு எதிராகத் தடுப்பு ஊசி கிடைக்குமா என்று டாக்டரைக் கேளுங்கள். வீட்டுப் பெரியவர்கள் ஃப்ளூ, கக்குவான் தடுப்பூசி போட்டுக்கொள்வதும் அவளுக்குத்தான்.

ஒரு கூட்டல் கணக்குப் போடுவோம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு எட்டு தடவை பால். வாயாலும் குழாயாலும் கொடுக்க 40 நிமிடம், பாலைப் பீய்ச்சி எடுக்க 20, கழுவ 10. எட்டால் பெருக்கினால் 9 மணி 20 நிமிடம். இதில் மருந்து, குளியல், துணி, டாக்டரிடம் போய் வருவது எதுவும் சேரவில்லை. ஒரு ஆளால் முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. இந்தக் காகிதத்தை வீட்டில் எல்லாருக்கும் காட்டுங்கள். இரவு ஒன்பதிலிருந்து இரண்டுவரை உங்கள் கணவர், இரண்டிலிருந்து நீங்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஐந்து மணி நேரத் தூக்கம் உங்களுக்கு மருந்து மாதிரி. மருந்து வேளைகளை எல்லாம் பால் வேளைகளோடு சேர்க்க முடியுமா என்று டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். ராத்திரி ஒன்றுக்கு ஒரு மருந்து, மூன்றுக்குப் பால், நாலுக்கு இன்னொரு மருந்து என்று வார்டு வசதிக்குப் போட்ட நேரங்களைச் சில தாய்மார்கள் வீட்டில் மாதக்கணக்கில் காப்பாற்றுவார்கள். யாரும் மாற்றிக் கொடுத்திருக்க மாட்டார்கள், அவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள்.

டிஸ்சார்ஜுக்கு முந்தைய இரண்டு இரவுகள், தனி அறையில் குழந்தையோடு நீங்களும் கணவரும் தங்க அனுமதி கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகும் அதே கருவிகள், அதே சிரிஞ்சுகளோடு. நாங்கள் கதவுக்கு வெளியே இருப்போம், கூப்பிட்டால் மட்டும் வருவோம். விடிகாலை மூன்று மணிக்கு எதில் தடுமாறினீர்களோ அதை எழுதி வையுங்கள். காலையில் அதுதான் பாடம். ஒரு தம்பதி முதல் இரவு என்னை ஒன்பது தடவை கூப்பிட்டார்கள். இரண்டாம் இரவு ஒரே ஒரு தடவை, அதுவும் டீ கிடைக்குமா என்று கேட்க.

எப்போது ஓட வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நாக்கு நீலம், இருபது நொடி மூச்சு நிற்பது, எழுப்பினாலும் எழாத துவட்சி, வலிப்பு, பச்சை நிற வாந்தி: இவற்றுக்கு யாரையும் கேட்க வேண்டாம், அவசர ஊர்தியைக் கூப்பிடுங்கள். மூச்சு வேகம் கூடி விலா உள்ளிழுப்பது, அக்குளில் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், போர்த்தி நெஞ்சோடு அணைத்தும் 36.5க்கு மேல் ஏறாத குளிர்ச்சி, வழக்கமான பாலில் பாதிகூட உள்ளே போகாத இரண்டு வேளை, எட்டு மணி நேரம் நனையாத டயப்பர்: இவற்றுக்கு விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே போன். இதில் எதுவுமே இல்லை, ஆனால் "இவள் இன்று இவள் மாதிரி இல்லை" என்று உங்களுக்குத் தோன்றினால் அதற்கும் போன். பக்கத்திலேயே ஒரு பக்கத் தாள்: நோயின் பெயர், எடை, ஆக்சிஜன் ஓட்டம், குழாயின் அளவும் சென்டிமீட்டரும், மருந்துகள், டாக்டர் எண். இதன் நகல் அவசரப் பையில் இருக்க வேண்டும். அவசரத்தில் வரும் ஆளுக்கு உங்கள் பதினொரு வாரக் கதையைச் சொல்ல உங்களுக்கு மூச்சு இருக்காது.

கண் பரிசோதனையை மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். 27 வாரக் குழந்தையின் விழித்திரை இரத்தக் குழாய்கள் வெளியே வந்த பிறகுதான் வளர்ந்து முடிகின்றன. அவை தாறுமாறாக வளர்ந்தால் சில நாட்களுக்குள் சிகிச்சை கொடுத்துப் பார்வையைக் காப்பாற்றலாம். சில வாரம் விட்டுவிட்டால் முடியாது. "சளி இருந்தது, அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தோம்" என்று சொன்ன ஒரு வீட்டாரை நான் மறக்கவில்லை. "குழாய்கள் முழுசாக வளர்ந்துவிட்டன, இனி வர வேண்டாம்" என்று கண் டாக்டர் வாயால் சொல்லும்வரை போய்க்கொண்டே இருங்கள். காது பரிசோதனை முடிந்ததா என்றும் கேளுங்கள். தடுப்பூசிகள் பிறந்த தேதிக் கணக்கில் போகும். வளர்ச்சியைப் பார்ப்பது மட்டும் திருத்திய வயதில்: உங்கள் மகள் 13 வாரம் முன்னால் வந்தவள், ஆறு மாதத்தில் அவளை மூன்று மாதக் குழந்தையோடு ஒப்பிடுங்கள். இரண்டு வயதுவரை இந்தக் கழித்தல் உண்டு. பக்கத்து வீட்டுக் குழந்தை கவிழ்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் மனதுக்குள் கழித்துக்கொள்ளுங்கள்.

பயம் இருப்பது சரி. ஆனால் வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் ஆகியும், குழந்தை தூங்கும்போதுகூட உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, இல்லாத அலாரம் காதில் அடிக்கிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். என்.ஐ.சி.யு. தாய்மார்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வரும், அப்பாக்களுக்கும் வரும், சிகிச்சையும் இருக்கிறது. உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோம் என்ற நினைப்பு வந்தால் இரண்டு வாரம் எல்லாம் கணக்கில்லை, அன்றே சொல்ல வேண்டும். குழந்தை நிறுத்தாமல் அழுது கை பரபரத்தால், படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள், அல்லது ஐந்து நிமிடம் அறைக்கு வெளியே போய் நில்லுங்கள். எக்காரணம் கொண்டும் குலுக்கக்கூடாது.

விளக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முழு இருட்டு வேண்டாம். முதல் சில வாரம் படுக்கையிலிருந்து தலையைத் தூக்கினாலே அவள் உதட்டின் நிறம் தெரிகிற அளவுக்கு ஒரு மங்கலான மஞ்சள் விளக்கு எரியட்டும். நிறம் மட்டும் பார்த்து வாங்குங்கள். அழகாக இருக்கிறதே என்று நீல நிற இரவு விளக்கை வாங்கி மாட்டிவிட்டு, நடுராத்திரியில் எனக்குப் போன் செய்து அலறிய ஒரு அப்பா உண்டு. நீல வெளிச்சத்தில் எல்லாக் குழந்தையும் நீலம்தான்.